கள்ளிக்காரரின் இடது கண்

என் வீட்டுக்காரருக்கு இடது கண் தெரியாது. ஒன்பது வருடமாகத் தெரியாது. இதை எனக்குச் சொன்னது அவர் இல்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் முகத்தைப் பார்த்த ஒரு கண் டாக்டரம்மா சொன்னார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்து, ஒரே தோட்டத்தில் எதிரெதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து செடி வெட்டிய எனக்குத் தெரியவில்லை.

சொன்னால் சிரிக்கிறார்கள். 'அதெப்படிம்மா தெரியாமப் போகும்?' என்று கேட்கிறார்கள். கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு கண்ணும் தெரிகிறதா என்று நீங்கள் எப்போதாவது கையை ஆட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசுங்கள்.

தெருவில் அவருக்குக் கள்ளிக்காரர் என்று பெயர். வீட்டுக்குப் பின்னால் உள்ள நிலத்தில் கள்ளிச்செடிகளை மட்டுமே வளர்த்து விற்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ரோஜா வேண்டுமென்று வந்தால் அடுத்த தெருவைக் காட்டுவார். 'கள்ளியை வளர்க்கிறதுக்கே கள்ளி ஒருத்தியைக் கட்டியிருக்கேன்' என்று வருகிறவர்களிடம் என்னைக் காட்டிச் சொல்வார். சொல்லிவிட்டு நான் முறைக்கிறேனா என்று பார்ப்பார். முறைப்பேன்.

முதலில் அவர் ஓடு சுடும் தொழிற்சாலையில் ஓடுகளை வைக்கோல் வைத்துக் கட்டும் வேலையில் இருந்தார். சூளைக்குப் பின்னால் உடைந்த ஓடுகளைக் கொட்டும் இடத்தில் யாரோ ஒரு திருகுகள்ளிக் கிளையை ஒடித்துப் போட்டிருக்கிறார்கள். மழை இல்லை, மண் இல்லை, பக்கத்தில் சூளைச் சூடு வேறு. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அது பச்சையாகவே கிடக்கிறது, போதாததற்கு ஓட்டுத்தூளுக்குள் வேர் வேறு விட்டிருக்கிறது. சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் அந்த மனிதருக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. கல்யாணத்தின்போது மூன்று தொட்டி இருந்தது. நாலாவது வருடம் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, 'இனிமே இதுதான்' என்றார். நான் கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டு, மறுநாள் காலையில் மணல் சலிக்கப் போனார். கல்லுளிமங்கன் என்றால் அப்படி ஒரு கல்லுளிமங்கன்.

வாயே திறக்காத இந்த ஆள், செடியைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிறுத்தமாட்டார். யாராவது ஒருவர் உருண்டையாக முள்ளோடு இருக்கிற செடியின் படத்தைக் காட்டி, 'இந்தக் கள்ளி இருக்கா?' என்று கேட்டுவிட்டால் போதும். உட்காரவைத்துவிடுவார்.

'இது கள்ளி இல்லைங்க. சப்பாத்திக்கள்ளிங்கிறோமே, அதுவும் கள்ளி இல்ல. பேரு மட்டும்தான். ஊசியால லேசாக் குத்திப் பாருங்க. தண்ணி மாதிரி வந்தா அது வேற வம்சம். வெள்ளையாப் பால் வந்தா அதுதான் கள்ளி. முள்ளையும் பாருங்க. அந்த வேற வம்சத்துல, பஞ்சு மெத்தை மாதிரி ஒரு புள்ளியிலேருந்து கொத்தா முளைக்கும். சதுரக்கள்ளியில ரெண்டு ரெண்டா ஜோடி போட்டு நிக்கும்.'

திருகுகள்ளி என்றால் இன்னும் அரைமணி நேரம். பென்சில் பருமனில் பச்சைக் குச்சி குச்சியாகக் கிளைத்துக்கொண்டே போகும் அது. இலை என்று ஒன்று நுனியில் வரும், எள்ளளவு, வந்த கையோடு உதிர்ந்துவிடும். இலை செய்கிற வேலையை எல்லாம் தண்டே செய்யும். அதனால்தான் பச்சையாக இருக்கிறது, அதனால்தான் தண்ணீர் வீணாவதில்லை. நுனியில் மஞ்சளாக ஒரு பொட்டு வைத்த மாதிரிப் பூக்கும். பார்த்தால் ஒரு பூ. ஆனால் அது ஒரு கிண்ணம். அதற்குள் பல பூக்கள் குடும்பமாக இருக்கின்றன என்று பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டுவார். வாங்க வந்தவர் கொட்டாவி விடுவதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருப்பார். நான் உள்ளேயிருந்து, 'விடுங்க அவரை, பஸ்ஸைப் பிடிக்கணுமாம்' என்று குரல் கொடுத்தால்தான் வந்தவருக்கு விடுதலை.

எங்களுக்குச் சோறு போடுவது இந்தத் திருகுகள்ளி வேலிதான். ஒரு முழக் குச்சியை நட்டால் வளர்ந்து ஆள் உயரத்துக்கு மேலே போய்விடும். ஆடு மாடு வாய் வைக்காது. உரம் கேட்காது, தண்ணீர் கேட்காது. மணல் அரித்துக்கொண்டு போகிற இடத்தில் மண்ணைப் பிடித்து வைக்கும். மருவில் தடவ ஒரு சொட்டுப் பால் கொடுங்கள் என்று சிலர் வருவார்கள். 'மருவோட சேர்ந்து தோலும் வெந்துபோகும், ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்று திருப்பி அனுப்புவார். குளத்தில் நசுக்கிப் போட்டால் மீன் மயங்கி மிதக்குமாமே என்று ஒரு ஆள் வந்தான். அவனை வாசலோடு துரத்தினார். இந்தப் பாலிலிருந்து எரிபொருள் எடுக்கப் பார்த்தார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து ஒரு வாரம் பேசினார். 'முதல்ல அடுப்புக்கு கேஸ் வாங்கிட்டு வாங்க' என்றேன்.

அந்தப் பாலைப் பற்றி அவரை விட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை. என் ஆத்திரமே அதுதான். பள்ளிக்கூடத்திலிருந்து வேலி கேட்டு வந்தால், 'பிள்ளைங்க இருக்கிற இடத்துக்குத் தரமாட்டேன்' என்று சொல்கிறவர் அவர். எங்கள் மகளுக்குப் பேச வருவதற்கு முன்பே அந்தப் பச்சைக் குச்சியைத் தொடக்கூடாது என்று தெரியும். வெட்டும்போது முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி. கையால் முகத்தைத் தொடக்கூடாது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் தோளில்தான் தேய்த்துக்கொள்ள வேண்டும்.

வெட்டியதும் அப்படியே நட்டுவிட முடியாது. வெட்டுவாயிலிருந்து பால் சொட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் முக்கினால் நின்றுவிடும். பிறகு நிழலில் ஒரு வாரம் நிறுத்திவைத்தால் அந்தக் காயத்தின் மேல் தோல் கட்டும். தோல் கட்டாமல் நட்டால் அழுகிவிடும். ஆகவே எங்கள் கொட்டகையில் எப்போதும் இரண்டு வாளி. நீலம் முக்குவதற்கு. சிவப்பு கைகால் கழுவ, முகம் கழுவ. பதினைந்து வருடமாக இந்தச் சட்டம் மாறியதில்லை. சிவப்பு வாளியில் ஒரு குச்சி விழுந்தால்கூட மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுவார்.

அன்றைக்கு ஒரு சரக்குக் கிடங்குக்காரர் அறுநூறு குச்சி கேட்டிருந்தார். காலையிலிருந்து வெட்டிக்கொண்டிருந்தோம். வெயில் கொட்டகைத் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய கண்ணாடிக்குள் வியர்வை ஆவி படிந்துகொண்டே இருந்ததால் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். நான், 'போடுங்க அதை' என்றேன். 'இன்னும் ஒரு கட்டுதான்' என்றார். நீல வாளி முழுக்கக் குச்சிகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. கையில் இருந்த கடைசிக் கட்டு சொட்டிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? நான் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தபோது அதைச் சிவப்பு வாளியில் முக்கினார், பிறகு அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். பால் நின்றதும் எடுத்து நிழலில் நிறுத்தினார். அப்புறம் கொட்டிக் கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். கையுறையைக் கழற்றினார். கிடங்குக்காரர் போனில் கூப்பிட்டார், பேசினார். பேசி முடித்துவிட்டுத் திரும்பி வந்து, கண்ணை மூடிக்கொண்டு, அதே சிவப்பு வாளியிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

பத்து நிமிடத்துக்கு முன்னால் தானே முக்கிய வாளி! மூளைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. பதினைந்து வருடமாக அந்தக் கை சிவப்பு வாளிக்குப் போய்ப் பழகியிருக்கிறது, போய்விட்டது.

'ஸ்ஸ்' என்று ஒரு சின்னச் சத்தம்தான் கேட்டது.

'என்னங்க, பூச்சியா?' என்றேன்.

'ஒண்ணுமில்ல' என்றார். சொல்லிக்கொண்டே தூணைத் தேடிக் கையை நீட்டினார். தூண் அங்கே இல்லை. அவருடைய கை காற்றில் நின்றது. நான் சிவப்பு வாளியைப் பார்த்தேன். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியிருந்தது. என் உயிரே போய்விட்டது.

நான் போட்ட சத்தத்தில் மகள் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தாள். அவரைக் குழாயடிக்கு இழுத்துப்போய், தலையைக் குனியவைத்து, செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை எடுத்துக் கண்ணில் பாய்ச்சினேன். 'திறங்க! கண்ணைத் திறங்க! திறக்கிறீங்களா இல்ல நான் பிச்சுத் திறக்கவா?' இருபது நிமிடம் இருக்கும். தண்ணீரும் நிற்கவில்லை, என் வாயும் நிற்கவில்லை. அறிவிருக்கா, ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற வாய்க்கு மண்டையில் ஏதாவது இருக்கா என்று என்னென்னவோ கேட்டேன். அவர் தலையைக் குனிந்தபடியே, 'வலதை நல்லாக் கழுவு, வலதை நல்லாக் கழுவு' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் வலது என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

மகள் ஆட்டோ கொண்டுவந்தாள். கண் ஆஸ்பத்திரியில் நேராக உள்ளே கூட்டிப்போனார்கள். அங்கே இன்னொரு முறை மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். கண் டாக்டரம்மாவுக்கு என் அக்கா வயது இருக்கும். பொறுமையான முகம். நான் கொண்டுபோயிருந்த குச்சியைப் பிளாஸ்டிக் பையோடு வாங்கிப் பார்த்தார். பிறகு சின்ன டார்ச்சை எடுத்து வலது கண்ணில் அடித்தார், இடது கண்ணில் அடித்தார். மறுபடி வலது, மறுபடி இடது. அவருடைய புருவம் சுருங்கியது.

'இந்தக் கண்ணு எப்ப போச்சு?' என்றார்.

'இப்பத்தான் டாக்டர், முக்கால் மணி நேரம் இருக்கும்' என்றேன்.

'இன்னைக்குப் பட்டதைக் கேக்கலம்மா. இடது கண்ணு. இது பழசு. வெளியே பாக்க நல்லாத்தான் இருக்கு, உள்ள நரம்பு செத்துப்போய்ப் பல வருஷம் ஆயிருக்கும்.'

நான் சிரித்துவிட்டேன். சத்தியமாகச் சிரித்தேன். 'இல்லைங்க டாக்டர், அவருக்கு ரெண்டும் நல்லாத் தெரியும். எறும்பு போனாலும் பாத்துடுவாரு.'

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சிவந்து வீங்கிக்கொண்டிருந்த முகத்தோடு, வேறு யாருக்கோ சொல்வது போலச் சொன்னார்.

'ஒன்பது வருஷம் இருக்கும் டாக்டர். இதே பால்தான்.'

பக்கத்தில் ஒரு கால்மிதிக் குப்பைத்தொட்டி இருந்தது, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். மகளைப் பார்த்தேன். 'உனக்குத் தெரியுமாடி?' 'சத்தியமாத் தெரியாதும்மா' என்றாள் அவள். பேயறைந்தவள் மாதிரி நின்றாள். பதினேழு வயதுப் பெண், அப்பா சொன்ன இரண்டு வார்த்தையில் சின்னப் பிள்ளையாகி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். அந்தப் பால் பட்டவுடன் லேசாக எரியும். நேரம் ஆக ஆகத்தான் வேலையைக் காட்டும். அன்றைக்கு வைத்தியம் பார்க்காமல் விட்டதில் கண்ணுக்குள் வீக்கம் வந்து, அழுத்தம் ஏறி, நரம்பு போயிருக்கிறது. இன்றைக்கு உடனே கழுவியது நல்லது. ஆனாலும் நாளைக்கு இன்னும் மோசமாகும். ஒரு வாரம் மணிக்கு ஒரு தடவை மருந்து விட வேண்டும். 'அநேகமா சரியாயிடும். ஆனா இவருக்கு இருக்கிறது ஒரே கண்ணு. அதனால என்னால வாக்குக் கொடுக்க முடியாது' என்றார்.

வீட்டுக்கு வரும்வரை ஆட்டோவில் அந்த ஒன்பது வருடமும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரை ஏன் விற்றார்? நடந்தால் உடம்புக்கு நல்லது என்றார், நான் கஞ்சன் என்று திட்டினேன். டம்ளருக்கு வெளியே ஏன் தண்ணீர் ஊற்றுகிறார்? கவனம் இல்லை என்று திட்டினேன். கதவு நிலையில் இடது தோளை ஏன் இடித்துக்கொள்கிறார்? எருமை என்று திட்டினேன். கடைத்தெருவில் நான் இடது பக்கம் வந்தால் ஏன் சுற்றிக்கொண்டு போய் என்னை வலது பக்கம் ஆக்கிக்கொள்கிறார்? அது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. வண்டி இடிக்காமல் என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். ஐயோ, என்னைப் பார்க்க முடியாமல் என்னை இடம் மாற்றியிருக்கிறார்.

டாக்டரம்மா சொன்னபடியே மறுநாள் மோசமானது. இமை இரண்டும் பலாச்சுளை மாதிரி வீங்கி மூடிக்கொண்டன. வெளிச்சம் பட்டால் துடித்தார். ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டினோம். மணிக்கு ஒரு தடவை நான் இமையைப் பிரித்து மருந்து விடுவேன். 'தெரியுதா?' என்பேன். 'வெள்ளையா இருக்கு' என்பார். அடுத்த மணி, 'தெரியுதா?' 'வெள்ளையா இருக்கு.' மூன்றாவது நாளும் அதே பதில்.

அந்த நிலைமையிலும் அந்த ஆளுக்கு என்ன கவலை என்கிறீர்கள்? 'குச்சியெல்லாம் நேரா நிக்குதா? சாய்ச்சு வெச்சா வளைஞ்சுடும்.' கேட்டதும் எனக்குத் தலைக்கு ஏறியது.

'குச்சி ஒண்ணுதான் குறைச்சல்! ஒன்பது வருஷம்! ஒரு கண்ணு போயிருக்கு, ஒரு வார்த்தை சொல்லல. நான் என்ன வழிப்போக்கியா? ஏன் சொல்லல? சொல்லுங்க, ஏன் சொல்லல?'

கட்டிலில் மல்லாந்து படுத்தபடி கொஞ்சம் யோசித்தார். 'சொன்னா நீ தோட்டத்துக்குத் தீ வெச்சிருப்ப' என்றார்.

'வெச்சிருப்பேன்தான்! இப்பவும் வெப்பேன்!'

சும்மா சொல்லவில்லை. நாலாவது நாள் காலை கடப்பாரையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். முதல் வரிசையில் இருந்த தாய்ச்செடி, ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்த அதே செடி, என்னை விட உயரமாக நின்றது. அதன் அடியில் கடப்பாரையை இறக்கினேன். ஒரு குத்து. இரண்டாவது குத்தில் வேர் கிழிந்து பால் வழிந்தது. அதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. பயந்தா, பரிதாபப்பட்டா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. அதைப் பிடுங்கிவிட்டு, கண்ணும் இல்லாமல் செடியும் இல்லாமல் இருக்கும் இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? வேறு என்ன பேச்சு இருக்கிறது அவரிடம்? மண்ணை மூடி மிதித்துவிட்டு உள்ளே வந்து மருந்து விட்டேன்.

'தெரியுதா?'

'ஏதோ அசையுது' என்றார். 'நீதானா அது?'

நான்தான் அது. நான் அங்கேயே உட்கார்ந்து, மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

எட்டாவது நாள் ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையின் முன்னால் உட்காரவைத்தார்கள். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்னது. முதல் வரியைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். நானும் மகளும் கையைக் கோத்துக்கொண்டு நின்றோம். கடைசிக்கு முந்தின வரிவரை தட்டுத் தடுமாறிப் படித்து முடித்தார். டாக்டரம்மா சிரித்தார். 'பொழைச்சீங்க. இனிமே கண்ணாடி இல்லாம அந்தச் செடிகிட்ட போனா நானே வந்து அடிப்பேன்' என்றார். 'நீங்க எதுக்கு டாக்டர் சிரமப்படணும், நான் எதுக்கு இருக்கேன்' என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மகள் மருந்து வாங்க வரிசையில் நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வாரம் முழுக்க இறுகிப் பிடித்திருந்த உயிர் கொஞ்சம் தளர்ந்திருந்தது எனக்கு. சண்டை போடும் எண்ணமே இல்லை. சும்மா பேச்சுவாக்கில்தான் கேட்டேன்.

'அது சரி, ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி எப்படிப் பட்டுச்சு? இதே மாதிரி வாளியா?'

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

'உங்களைத்தான்.'

'விடு' என்றார். 'எப்படியோ பட்டுச்சு.'

அந்த 'விடு' சரியில்லை. பத்தொன்பது வருடத்தில் அவர் கண்ணைப் படிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம், அவர் குரலைப் படிக்கத் தெரியும். 'நான் கோபப்படமாட்டேன், சொல்லுங்க' என்றேன். அவர் எழுந்து போகப் பார்த்தார். சட்டையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

'நீ உங்க அக்கா வீட்டுக்குப் போனியே, பத்து நாள்' என்றார். 'அன்னைக்கு.'

அக்கா வீட்டுக்குப் போனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் என்ன, ஊர் முழுக்க நானே சொல்லிச் சிரிக்கிற கதை அது. ஆசை ஆசையாக நான் வாங்கி வைத்திருந்த புது டப்பாக்களில், ஒரு டஜன் டப்பா, அடியில் ஓட்டை போட்டு நாற்று நட்டுவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்ததை அவர் மேல் விட்டெறிந்தேன். மகளை இழுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். பத்தாவது நாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கூட்டிப்போக வந்தார். கண்வலி என்றார். 'சினிமா ஹீரோ வந்திருக்காரு பாருங்கடி' என்று நானும் அக்காவும் அவரை ஓட்டினோம். அவர் காபி குடித்துவிட்டு, எங்கள் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

கையில் இருந்ததை விட்டெறிந்தேன் என்றுதான் ஒன்பது வருடமும் சொல்லி வந்திருக்கிறேன். கையில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் நினைத்துப் பார்க்கவில்லை. நாங்கள் குச்சி வெட்டிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் வெட்டிய கிளை.

'ஒரு சொட்டுதான்' என்றார். 'எரிஞ்சுது. கழுவினேன். நீ போனதுல எனக்கும் கோபம், போய்ப் படுத்துட்டேன். மூணு நாள் கழிச்சுத்தான் டாக்டர்கிட்ட போனேன். அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.'

பிடித்திருந்த சட்டையை விட்டுவிட்டேன்.

'தீ வெச்சுடுவேன்னு சொன்னது?'

'அது சும்மா சொன்னேன்.'

'அப்ப ஏன் சொல்லல?'

அவர் என் பக்கம் முழுக்கத் திரும்பினார். 'சொன்னா அன்னையிலேருந்து நீ என்னைத் திட்டமாட்ட. தலையைக் குனிஞ்சுக்கிட்டே சோறு போடுவ. நான் எது செஞ்சாலும் சரின்னுடுவ. எனக்கு எதுக்கு அப்படி ஒருத்தி? வீட்டுல சத்தமே இருக்காது. ஒரு கண்ணு போச்சு, போகட்டும். நீயும் போகணுமா?' என்றார். மகள் மருந்துப் பையோடு வருவதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, 'பஸ்ஸா ஆட்டோவா?' என்று அவளிடம் கேட்டார்.

மூன்று மாதம் ஆகிறது. ஊராரிடம் என் வாய் அப்படியேதான் இருக்கிறது. கிடங்குக்காரரை நேற்றுக்கூட உண்டு இல்லை என்று ஆக்கினேன். உங்களிடமும் இதோ பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். இவரிடம் மட்டும் திட்டு வருவதில்லை. எத்தனையோ தடவை வேண்டுமென்றே முயற்சி செய்து பார்த்துவிட்டேன், தொண்டைக்கு வந்து நின்றுவிடுகிறது.

இன்று காலை நான் வீடு முழுக்கத் துடைத்து முடித்த நேரம். ஈரம்கூடக் காயவில்லை. தோட்டத்திலிருந்து வந்தவர் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றாமல், சேறோடு, மெதுவாகக் கூடத்தின் நடுவில் நடந்து வந்தார். அடுப்படிவரை போய்விட்டு அதே காலோடு திரும்பி வந்து என் எதிரே நின்றார். திட்டு என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது அந்த நிற்பு.

நான் துணியை எடுத்துக் குனிந்து அவர் காலடியிலிருந்து துடைக்க ஆரம்பித்தேன்.

'பாத்தியா?' என்றார் அவர், என் தலைக்கு மேலே. குரல் உடைந்திருந்தது. 'இதுக்குத்தான் ஒன்பது வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.'

நான் நிமிரவில்லை. சேறு ஒரே துடைப்பில் போகவில்லை. துணியை அலசிக்கொண்டு வந்து இன்னொரு தடவை துடைத்தேன்.